நாற்காலி ஒன்று, முறைகாரர் எட்டு

தோற்றம்: 1980 மே 4. மறைவு: 1992 ஜூன் 15. வயது பன்னிரண்டு. கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி அடிக்க அன்று யாரும் முன்வராததால் இந்த இரங்கல் இத்தனை தாமதமாக வருகிறது. இறந்தது மனிதர் இல்லை, ஒரு பதவி. யூகோஸ்லாவிய சோசலிசக் கூட்டாட்சிக் குடியரசின் கூட்டுத் தலைமைக் குழுவின் தலைவர் என்பது அதன் முழுப்பெயர். ஆண்டுக்கு ஒருவர் அதில் உட்காருவார். மே 15 வந்தால் எழுந்து அடுத்த மாநிலத்துக்காரருக்கு இடம் விடுவார். எண்பதுகளில் போட்டித் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு இந்தப் பதவியின் மேல் ஒரு தனிக் கோபம் உண்டு. உலகத் தலைவர்கள் பட்டியலில் மற்ற வரிகளை ஒருமுறை மனப்பாடம் செய்தால் சில ஆண்டுகள் ஓடும். யூகோஸ்லாவியா வரி மட்டும் புத்தகம் அச்சாகிக் கடைக்கு வருவதற்குள் பழசாகிவிடும்.

அது பிறந்தது ஒரு சாவு வீட்டில். 1980 ஜனவரியில் மார்ஷல் டிட்டோவின் இடது காலை லியுப்லியானா மருத்துவமனையில் எடுத்தார்கள். நான்கு மாதம் போராடி, மே 4 ஞாயிறு பிற்பகலில் இறந்தார். 88 வயது நிறைய மூன்றே நாள் பாக்கி. ஸ்ப்ளித் நகரில் ஹய்துக் அணியும் பெல்கிரேடின் ரெட் ஸ்டார் அணியும் ஆடிக்கொண்டிருந்த கால்பந்தாட்டம் பாதியில் நின்றது. மைதானத்தில் ஆட்டக்காரர்கள் அழுதார்கள். 35 ஆண்டுகளாக ஒருவரே ஆண்ட நாடு அது. அவருக்குப் பிறகு யார் என்ற கேள்விக்கு அரசியல் சட்டத்தில் பதில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது: யாரும் இல்லை, எட்டுப் பேர். அந்த வேளையில் முறை மாசிடோனியாவுடையது. லாசர் கொலிஷெவ்ஸ்கி நாட்டின் தலைவரானார். பதினோரு நாளைக்கு.

அந்தப் பதினோரு நாளில்தான் மே 8 வந்தது. 1980இல் உலகை யார் யார் ஆண்டார்கள் என்று அறிய வேண்டுமானால் டிட்டோவின் இறுதிச் சடங்குக்கு வந்தவர்களின் பட்டியலைப் பார்த்தாலே பெரும்பகுதி தெரிந்துவிடும். 128 நாடுகளிலிருந்து ஆள் வந்திருந்தது. பிரெஷ்னேவ் வந்தார். சீனாவிலிருந்து ஹுவா குவோஃபெங் வந்தார். மார்கரெட் தாட்சர், இந்திரா காந்தி, மேற்கு ஜெர்மனியின் ஷ்மித், கிழக்கு ஜெர்மனியின் ஹோனெக்கர், ஜாம்பியாவின் கவுண்டா எல்லோரும் பெல்கிரேடில் ஒரே வெயிலில் நின்றார்கள். அமெரிக்க அதிபர் கார்ட்டர் மட்டும் தான் வராமல் துணை அதிபர் மாண்டேலையும் தன் தாயாரையும் அனுப்பினார். அதற்கு ஏச்சு வாங்கி, ஜூன் கடைசியில் கிளம்பி வந்து மலர்வளையம் வைத்தார். வந்தவரை வரவேற்றது கொலிஷெவ்ஸ்கி இல்லை. அவர் முறை முடிந்துவிட்டிருந்தது. போஸ்னியாவின் ஸ்வியெதின் மியாதோவிச் நின்றிருந்தார். சாவு வீட்டில் கை கொடுத்தவர் ஒருவர், துக்கம் கேட்க வந்தபோது இருந்தவர் வேறொருவர்.

இந்த ஏற்பாட்டைக் கேலி செய்வது எளிது. ஆனால் நம் ஊர்க் கோயில்களில் பங்காளிகள் ஆண்டுக்கு ஒரு வீடாக முறை வைத்துத் திருவிழா நடத்துவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்காத விஷயம் இல்லை. யாருடைய கை ஓங்கினாலும் மற்றவர்களுக்கு ஆகாது என்ற இடத்தில்தான் முறை பிறக்கிறது. யூகோஸ்லாவியாவில் ஆறு குடியரசுகள்: ஸ்லோவேனியா, குரோஷியா, போஸ்னியா, செர்பியா, மாண்டினீக்ரோ, மாசிடோனியா. செர்பியாவுக்குள் இரண்டு தன்னாட்சி மாகாணங்கள்: வொய்வொதினா, கொசோவோ. இரண்டாம் உலகப் போரில் இவர்கள் ஒருவரை ஒருவர் கொன்ற கணக்கு யாருக்கும் மறக்கவில்லை. 1971இல் முதல் கூட்டுத் தலைமைக் குழு அமைந்தபோது டிட்டோவைச் சேர்த்து 23 பேர். சந்தைக்கடை போல இருந்ததால் 1974இல் 406 பிரிவுகள் கொண்ட புதிய அரசியல் சட்டம் அதைச் சுருக்கியது. குடியரசுக்கு ஒருவர், மாகாணத்துக்கு ஒருவர் என எட்டுப் பேர், ஒன்பதாவதாகக் கட்சித் தலைவர். உறுப்பினர் பதவி ஐந்தாண்டு, தலைவர் நாற்காலி ஓராண்டு. டிட்டோவுக்கு மட்டும் கால வரம்பு கிடையாது. அவரோடு அவர் வகித்த குடியரசுத் தலைவர் பதவியும் முடிந்துபோகும்.

செர்பியாவுக்குள் இருந்த இரண்டு மாகாணங்களுக்கும் தனித்தனி வாக்கு கொடுத்ததை இங்கே வாசகர் குறித்துக்கொள்ள வேண்டும். பெரிய பங்காளியின் கையைக் கட்டுவதற்காகக் கட்டிய கயிறு அது. பிற்பாடு அதே கயிறு வேறு வேலைக்குப் பயன்பட்டது.

இனி வரிசையாக வந்தவர்களை வேகமாகச் சொல்லிவிடலாம், அவர்களும் வேகமாகத்தான் போனார்கள். ஸ்லோவேனியாவின் கிரைகர், செர்பியாவின் பேதர் ஸ்டம்போலிச், குரோஷியாவின் மீக்கா ஷ்பில்யாக், மாண்டினீக்ரோவின் ஜுரானோவிச், வொய்வொதினாவின் விலாய்கோவிச். இவர்களில் ஷ்பில்யாக்குக்கு மட்டும் ஒரு பொன்னாள் வாய்த்தது. 1984 பிப்ரவரியில் சரயேவோ குளிர்கால ஒலிம்பிக்கைத் தொடங்கி வைத்தவர் அவர். 1986இல் கொசோவோவின் முறை வந்தபோது சினான் ஹசானி உட்கார்ந்தார். அல்பேனிய மொழியில் நாவல் எழுதியவர். அல்பேனியர் ஒருவர் அந்த நாட்டுக்குத் தலைவரானது அதுவே முதல் முறை. ஓர் எழுத்தாளர் அமைதியாக ஓராண்டு நாட்டுத் தலைவராக இருந்து, கையெழுத்துப் போட்டு, எழுந்து போனார் என்பதை நான் இந்தப் பதவியின் பெருமைக் கணக்கில்தான் சேர்ப்பேன். அடுத்த மாசிடோனியர் லாசர் மொய்சோவ் உலகம் அறிந்த முகம், 1977இல் ஐ.நா. பொதுச்சபைக்குத் தலைமை வகித்தவர்.

முகம் மாறிக்கொண்டே இருந்ததால் சுவரில் யார் படத்தை மாட்டுவது என்ற சிக்கல் எழவே இல்லை. அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் டிட்டோவின் படமே தொங்கியது. டிட்டோவுக்குப் பிறகும் டிட்டோவே என்பது அந்தப் பத்தாண்டின் முழக்கம். அணிசேரா நாடுகளின் உச்சி மாநாடு 1983இல் தில்லியில், 1986இல் ஹராரேயில், 1989இல் பெல்கிரேடில் நடந்தது. மூன்று மாநாட்டிலும் யூகோஸ்லாவியாவுக்கு மூன்று வேறு தலைவர்கள். மற்றவர்கள் பழைய டிட்டோ கதைகளை நினைவுகூர்ந்திருப்பார்கள், புதியவரின் பெயரை உச்சரிக்கப் பழகுவதற்குள் அவர் காலம் முடிந்திருக்கும்.

வீட்டுக்குள் நிலைமை கெட்டுக்கொண்டிருந்தது. டிட்டோ விட்டுப்போன சொத்தில் சுமார் 2,000 கோடி டாலர் வெளிநாட்டுக் கடனும் அடக்கம். பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தது. காப்பித்தூளும் சலவைத்தூளும் கடையில் இருந்து காணாமல் போயின. 1981 மார்ச்சில் கொசோவோவில் மாணவர் கிளர்ச்சி எழுந்து நெருக்கடி நிலை வரை போனது. அரசாங்கத்தை நடத்தியது பிரதமர்தான், அவருக்கு நான்காண்டுக் காலம். 1982இல் வந்த மில்கா பிளானிஞ்ச் கம்யூனிஸ்ட் நாடு ஒன்றின் முதல் பெண் பிரதமர். கடன்காரர்களிடம் பேசி, சிக்கனம் கொண்டுவந்து, ஊரார் வசவையும் வாங்கிக்கொண்டவர். தலைவர் நாற்காலியோ மேலே சுழன்றுகொண்டிருந்தது. கடினமான முடிவை எடுக்கும் ஆண்டு தன்னுடையதாக இருக்க வேண்டாம் என்று எந்தத் தலைவருக்கும் தோன்றத்தானே செய்யும்? பன்னிரண்டு மாதம் தள்ளினால் அடுத்தவர் பாடு.

1987இல் செர்பியக் கட்சியைக் கைப்பற்றிய ஸ்லொபொதான் மிலோஷெவிச்சுக்கு இந்த எட்டு வாக்குக் கணக்கு நன்றாகப் புரிந்தது. தெருக் கூட்டங்களைக் கொண்டு 1988 அக்டோபரில் வொய்வொதினா தலைமையை வீழ்த்தினார். 1989 ஜனவரியில் மாண்டினீக்ரோ. மார்ச்சில் கொசோவோவின் தன்னாட்சி பறிக்கப்பட்டது. ஆனால் அந்த இரண்டு மாகாணங்களின் வாக்கை மட்டும் அவர் ரத்து செய்யவில்லை. தன்னாட்சி போனது, நாற்காலி இருந்தது, அதில் தன் ஆளை உட்கார வைத்தார். செர்பியாவின் கையைக் கட்டப் போட்ட இரண்டு வாக்கும் செர்பியாவின் சட்டைப்பைக்கே வந்தன. எட்டில் நான்கு. அந்த நாட்களில் தலைவராக இருந்தவர் போஸ்னியாவின் ராயிஃப் டிஸ்தாரெவிச். 1989 பிப்ரவரி 28 அன்று பெல்கிரேடு நாடாளுமன்றத்தின் முன் திரண்ட கூட்டத்திடம் பேசப்போனார். கூட்டம் அவரைக் கேட்கத் தயாராக இல்லை, மிலோஷெவிச்சைக் கூப்பிட்டுக் கூச்சலிட்டது.

அதற்கு அடுத்து வந்தவர்தான் இந்த வரிசையிலேயே எனக்குப் பிடித்தவர். யானெஸ் திர்னோவ்ஷெக், பொருளாதாரம் படித்தவர். ஸ்லோவேனியா அந்த முறை தன் பிரதிநிதியை மக்கள் வாக்கெடுப்பில் தேர்ந்தெடுத்தது. கட்சி விரும்பிய வேட்பாளரைத் தோற்கடித்து, 39 வயதுகூட நிறையாமல் நாட்டுத் தலைவராகிவிட்டார். அந்தப் பதவியில் அமர்ந்தவர்களில் பொது வாக்கை வென்று வந்த முதல் ஆள். 1989 செப்டம்பரில் பெல்கிரேடு அணிசேரா மாநாட்டுக்குத் தலைமை வகித்தார், ராஜீவ் காந்தியும் வந்திருந்தார். அதே ஆண்டு பணவீக்கம் ஆயிரக்கணக்கான விழுக்காட்டுக்கு ஏறி, 1990 தொடக்கத்தில் பிரதமர் அன்தே மார்க்கோவிச் 10,000 பழைய தினாரை ஒரு புதிய தினாராக்கினார். திர்னோவ்ஷெக் பிற்காலத்தில் சுதந்திர ஸ்லோவேனியாவின் பிரதமராகவும் அதிபராகவும் இருந்து, புற்றுநோய் வந்தபின் நகரை விட்டு ஒரு மலைக்கிராமத்துக்குக் குடிபோய், புலால் விட்டு, ஆன்மிக நூல்கள் எழுதி 2008இல் இறந்தார்.

1990 மே 15: செர்பியாவின் முறை. போரிசாவ் யோவிச் மிலோஷெவிச்சின் வலது கை. அவர் பிற்பாடு தன் நாட்குறிப்பைப் புத்தகமாக வெளியிட்டார். நாட்டின் தலைமை நாற்காலியில் உட்கார்ந்து ஏழு வாரம் ஆவதற்குள், ஸ்லோவேனியாவையும் குரோஷியாவையும் நாட்டிலிருந்து வெட்டிவிடுவது பற்றி மிலோஷெவிச்சோடு பேசியது அதில் இருக்கிறது. தானே தலைவராக இருக்கும் நாட்டின் அளவைக் குறைக்கத் திட்டமிட்ட தலைவர்!

1991 மார்ச் 9. பெல்கிரேடில் மிலோஷெவிச்சுக்கு எதிராகவே பெருங்கூட்டம் திரண்டது. இரண்டு உயிர் போனது, தெருவில் டாங்குகள் இறங்கின. மூன்று நாள் கழித்து யோவிச் தலைமைக் குழுவைக் கூட்டினார். வழக்கமான இடத்தில் இல்லை, ராணுவக் கட்டடம் ஒன்றில். அறை குளிர்ந்து விறைத்தது, உறுப்பினர்கள் மேல்கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்கள். படப்பிடிப்புக் கருவி ஓடியது. நாடு முழுவதும் நெருக்கடி நிலை வேண்டும், ராணுவத்தை இறக்க அனுமதி வேண்டும் என்றார் பாதுகாப்பு அமைச்சர் ஜெனரல் கதியேவிச். தேவை ஐந்து வாக்கு. கையில் இருந்தது நான்கு. ஐந்தாவது எங்கே கிடைக்கும் என்று அவர்கள் போட்ட கணக்கு போஸ்னியாவின் உறுப்பினர் மேல். போகிச் போகிச்செவிச் பிறப்பால் செர்பியர். செர்பியர் செர்பியர் பக்கம் நிற்காமல் எங்கே போவார் என்பது கணக்கு. அவர் மறுத்தார்.

சட்டப்படி ராணுவத்தின் தலைமைத் தளபதி இந்தக் குழுதான். குழுவை மீறி நடந்தால் அது கலகம். கதியேவிச் ரகசியமாக மாஸ்கோவுக்குப் பறந்து சோவியத் பாதுகாப்பு அமைச்சர் யாசோவைப் பார்த்துவிட்டு வந்தார், உதவி கிடைக்கவில்லை. மீண்டும் குழு கூடியது, மீண்டும் ஐந்து வாக்கு சேரவில்லை. யோவிச் பதவி விலகினார், மாண்டினீக்ரோவும் வொய்வொதினாவும் கூடவே எழுந்தன. மார்ச் 16 அன்று மிலோஷெவிச் தொலைக்காட்சியில் தோன்றி, இந்தத் தலைமைக் குழுவின் முடிவை செர்பியா இனி ஏற்காது என்று அறிவித்தார். சில நாளில் யோவிச் ஒன்றும் நடக்காததுபோல நாற்காலிக்குத் திரும்பினார். பலவீனமான பதவி, பொம்மைப் பதவி என்று பன்னிரண்டு ஆண்டு சிரித்தவர்களுக்கு இந்த ஒரு வாரத்தைக் காட்டத் தோன்றுகிறது. அந்தப் பொம்மையின் கையெழுத்து இல்லாமல் ஜெனரல் டாங்கை நகர்த்தத் தயங்கினார்.

மே 15 வந்தது. குரோஷியாவின் முறை, ஸ்தியேபான் மெசிச் உட்கார வேண்டும். அதுவரை பதினோரு ஆண்டாக வாக்கெடுப்பு வெறும் சடங்கு. இந்த முறை ஐந்து வாக்கு விழவில்லை. நாட்டுக்குத் தலைவரும் ராணுவத்துக்குத் தளபதியும் இல்லாமல் ஆறு வாரம் கழிந்தது. அந்த இடைவெளிக்கு சில பட்டியல்கள் கொசோவோவின் உறுப்பினர் பைராமோவிச்சைப் பொறுப்புத் தலைவராகக் காட்டுகின்றன. கொசோவோ சட்டமன்றம் முந்தைய ஆண்டே கலைக்கப்பட்டிருந்ததால் அவரை அனுப்பி வைத்தது செர்பிய நாடாளுமன்றம். ஜூன் 25 அன்று ஸ்லோவேனியாவும் குரோஷியாவும் சுதந்திரம் அறிவித்தன. இரண்டு நாளில் ஸ்லோவேனியாவில் சண்டை. ஐரோப்பிய சமூகத்தின் மூன்று வெளியுறவு அமைச்சர்கள் ஓடி வந்து நள்ளிரவில் மெசிச்சை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஜூலை 7 அன்று பிரியோனி தீவில் போர்நிறுத்த ஒப்பந்தம். 1956 ஜூலையில் நேருவும் நாசரும் டிட்டோவும் கூடி, அணிசேரா இயக்கத்துக்கு வித்திட்ட அதே தீவு.

மெசிச்சின் தலைமையைப் பற்றி ஒரு காட்சி போதும். 1991 அக்டோபரில் யூகோஸ்லாவியக் கடற்படை துப்ரோவ்னிக் நகரை முற்றுகையிட்டிருந்தது. அந்தக் கடற்படைக்குச் சட்டப்படி தளபதி மெசிச். அவரோ மீன்பிடிப் படகுகளும் பயணப் படகுகளும் கொண்ட ஊர்வலம் ஒன்றில் ஏறி, தன் கடற்படை போட்ட முற்றுகையை உடைக்கக் கிளம்பினார். நடுக்கடலில் அவரை மறித்தது அவருடைய சொந்தப் போர்க்கப்பல். இப்படி ஒரு நாட்டுத் தலைவர் வேறெங்கும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அதற்கு முன்பே, அக்டோபர் 3 அன்று, செர்பியாவின் நான்கு வாக்கும் தனியே கூடி இனி நாங்களே தலைமைக் குழு என்று சொல்லிவிட்டன. டிசம்பர் 5 அன்று மெசிச் ஸாக்ரெபில், யூகோஸ்லாவியா இனி இல்லை என்று கூறி விலகினார். யூகோஸ்லாவியாவை நாங்கள் கவிழ்த்த கதை என்று 1992இல் புத்தகமும் போட்டார், மறுபதிப்பில் தலைப்பிலிருந்து ‘நாங்கள்’ நீங்கிவிட்டது. மிச்சமிருந்த நாற்காலியில் மாண்டினீக்ரோவின் பிராங்கோ கோஸ்டிச் சில மாதம் இருந்தார். 1992 ஜூன் 15 அன்று செர்பியாவும் மாண்டினீக்ரோவும் மட்டும் சேர்ந்த புதிய யூகோஸ்லாவியாவுக்கு நாவலாசிரியர் தோப்ரிட்சா சோசிச் தனி அதிபரானார். முறை முடிந்தது.

முறை வைத்ததால்தான் நாடு உடைந்தது என்று இன்றும் எழுதுகிறார்கள். ஸ்விட்சர்லாந்தில் ஏழு பேர் கொண்ட குழு ஆண்டுக்கொரு தலைவராக மாற்றிக்கொண்டுதான் இருக்கிறது, அந்த நாடு உடையவில்லை. மலேசியாவில் ஒன்பது மாநில மன்னர்கள் ஐந்தாண்டுக்கு ஒருவராக மாமன்னர் ஆகிறார்கள், 1957 முதல் அந்தச் சுற்று நிற்கவில்லை. யூகோஸ்லாவியத் தலைமைக் குழுவின் நோய் வேறு. எட்டுப் பேரும் தங்கள் ஊருக்குப் பதில் சொன்னார்கள், எட்டு ஊரையும் சேர்த்துக் கேட்க யாருக்கும் உரிமை தரவில்லை. 1990இல் பல கட்சித் தேர்தல் வந்தபோதுகூட ஒவ்வொரு குடியரசிலும் தனித்தனியாக நடந்தது. நாடு முழுவதும் ஒரே நாளில் ஒரே வாக்குச்சீட்டில் தலைமையைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரமான தேர்தல் அந்த நாட்டின் ஆயுளில் ஒருமுறைகூட நடக்கவில்லை.

வரிசைப்படி போயிருந்தால் போஸ்னியாவின் அடுத்த முறை 1996 மே 15. சரயேவோ முற்றுகை விலகியது அந்த ஆண்டு பிப்ரவரி கடைசியில்தான். செப்டம்பரில் தேர்தல் நடந்து, போஸ்னியா தனக்கென்று மூன்று பேர் கொண்ட கூட்டுத் தலைமையை ஏற்படுத்திக்கொண்டது: ஒரு போஸ்னியாக், ஒரு குரோட், ஒரு செர்பியர். பின்னாளில் தலைவர் நாற்காலி எட்டு மாதத்துக்கு ஒருமுறை கைமாறும் என்று ஏற்பாடாயிற்று. அந்த முறை இன்றும் ஓடுகிறது. செர்பிய உறுப்பினரை போஸ்னியாவுக்குள்ளேயே இருக்கும் செர்பியக் குடியரசுப் பகுதியிலிருந்து மட்டுமே தேர்ந்தெடுக்க முடியும், சரயேவோவில் வசிக்கும் செர்பியர் அந்த இடத்துக்குப் போட்டியிட முடியாது.